கேட்கிறது, ஆனால் திறக்கவில்லை: குறிகட்டுவான் செற் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. கையடக்க அமெச்சூர் வானொலி பற்றி இங்கே எதை எழுதினாலும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. மலையகத்தில் ஓர் உச்சியில் ரிப்பீற்றரை, அதாவது கேட்டதை உடனே திருப்பிச் சொல்லும் நிலையத்தை, வைத்துவிட்டால் பாதி வேலையை அந்த மலையே பார்த்துவிடும். எங்களிடம் இருப்பது சுண்ணக்கல்லின் மேல் படிந்த தட்டை நிலமும், பனங்கூடலும், சுற்றிவரக் கடலும்தான். உயரம் வேண்டுமென்றால் நாங்களே கம்பம் நட்டு உண்டாக்க வேண்டும்.

இந்த ஆய்வு ஒரேயொரு கோளாறைப் பற்றியது. புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்ற ஒருவரின் கையடக்க செற்றில், அதாவது கேட்கவும் பேசவும் முடிகிற சின்ன வானொலியில், எங்கள் ரிப்பீற்றர் கணீரென்று கேட்டது. ஆனால் அவர் பேச்சுப் பொத்தானை அழுத்திப் பேசினால் ரிப்பீற்றர் திறக்கவில்லை, அதாவது அவர் குரலை வாங்கித் திருப்பிச் சொல்லவில்லை. அதே அளவு தூரத்தில், பருத்தித்துறையில் நின்றவருக்கோ எந்தச் சிக்கலும் இல்லை. காரணம் என்னவென்று தேடிப்போனபோது ஒன்றல்ல, மூன்று கிடைத்தன. அவற்றில் மிகப் பெரியது குறிகட்டுவானில் இல்லவே இல்லை.

ஏன் குறிகட்டுவான்

தீவகத்துக்குப் போய்வரும் எவருக்கும் அந்த இடத்தின் முக்கியம் தெரியும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு அங்கிருந்துதான். மாரியில் கடல் கொந்தளித்தால் படகு நிற்கும். படகு நின்றால் நோயாளி, மருந்து, மாணவர், தபால் எல்லாமே நிற்கும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது குடாநாடு வெள்ளத்தில் கிடந்ததும், 2020 டிசம்பரில் புரெவி வந்தபோது பட்டபாடும் எங்கள் ஆட்களுக்கு மறக்கவில்லை. மின்சாரம் போனால் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் பற்றரியில் சில மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். அதன் பிறகு என்ன செய்வது என்பதுதான் எங்கள் கேள்வி.

2004 ஆழிப்பேரலையின்போது அம்பாந்தோட்டைக்குச் சென்ற இலங்கை அமெச்சூர் வானொலியாளர்கள், தொலைபேசி செத்துக்கிடந்த இடத்திலிருந்து சிற்றலையில் செய்தி அனுப்பினார்கள். அவர்களிடம் இருந்தது ஒரு செற்றும், பற்றரியும், கம்பி அன்ரெனாவும்தான். அது நாட்டின் ஒரு முனையிலிருந்து கொழும்புக்குப் பேசுகிற வேலை. எங்களுடையது அதைவிடச் சின்னது, ஆனால் அன்றாடத் தேவைக்கு நெருக்கமானது: குடாநாட்டுக்குள், கையில் பிடிக்கிற செற்றால், இறங்குதுறையிலிருந்து ஆசுபத்திரிப் பக்கத்துக்கு ஒரு செய்தி போய்ச் சேர வேண்டும்.

அமைப்பு

எங்கள் சின்னக் குழுவில் எல்லோரும் உரிமம் பெற்றவர்கள். இலங்கையில் இதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சை எழுதித் தேற வேண்டும். தேறினால் 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும். ரிப்பீற்றருக்குத் தனி அனுமதி வேண்டும். போர்க்காலத்தில் வடக்கில் ஒருவர் கையில் செற் இருப்பதே பெரும் சந்தேகத்தைக் கிளப்பிய விடயம், அந்த நினைவு இன்றும் சனத்திடம் இருக்கிறது. ஆகவே உரிமத்தின் பிரதியைச் சட்டைப் பையில் வைத்திருப்பதையும், இறங்குதுறை போன்ற இடங்களில் கடற்படையினரிடமும் பொலிசாரிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பதையும் நாங்கள் கட்டாயமாக்கியிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் இந்தப் பொழுதுபோக்கு நிலைக்க வேண்டுமானால் முதல் நிபந்தனை அதுதான்.

ரிப்பீற்றர் யாழ்ப்பாண நகரை ஒட்டிய திருநெல்வேலியில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மேல் நிற்கிறது. கட்டடமும் அதன் மேல் நட்ட இரும்புக் கம்பமும் சேர்ந்து தரையிலிருந்து ஏறக்குறைய 30 மீற்றர். உள்ளே வாகனங்களில் பூட்டும் பழைய செற்றுகள் இரண்டு: ஒன்று வாங்கி, மற்றது செலுத்தி. இரண்டு மீற்றர் பட்டையில், 145 மெகாஹேட்ஸை ஒட்டி, ஒரு மீடிறனில் (அதிர்வெண்ணில்) கேட்டதை 600 கிலோஹேட்ஸ் தள்ளி இன்னொரு மீடிறனில் அதே கணத்தில் திருப்பிச் சொல்லும். இரண்டுக்கும் ஒரே அன்ரெனா. ஒன்றின் அலை மற்றதை மூழ்கடிக்காமல் பிரித்து வைப்பது டுப்ளெக்சர் என்ற செப்பு உருளைகளின் வேலை. வழிதவறி வரும் இரைச்சலுக்கெல்லாம் திறக்காமல் இருக்க ஒரு ரோன் வைத்திருக்கிறோம். 67.0 ஹேட்ஸிலிருந்து 254.1 ஹேட்ஸ் வரையுள்ள தாழ்ந்த ஒலிகளில் ஒன்றை உங்கள் செற் குரலோடு சேர்த்து அனுப்ப வேண்டும். அது இல்லாவிட்டால் ரிப்பீற்றர் உங்களைக் கவனிக்காது.

அன்று நடந்தது

ஆவணியில், மாரிக்கு முன்னதாக, ஒரு பயிற்சி வைத்தோம். சாவகச்சேரி, சுன்னாகம், பருத்தித்துறை, குறிகட்டுவான் என்று ஆட்கள் போய் நின்றார்கள். சோளகக் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. சாவகச்சேரியும் சுன்னாகமும் ஏதோ பக்கத்து வளவில் நின்று கதைப்பதுபோல வந்தன. பருத்தித்துறை கொஞ்சம் இரைச்சலோடு வந்தது. குறிகட்டுவான் வரவில்லை.

அங்கே நின்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், எங்கள் எல்லோருக்கும் மாஸ்ரர். கடைசியில் கைத்தொலைபேசியில் எடுத்தார்.

“தம்பி, நீங்கள் எல்லாரும் கதைக்கிறது எனக்கு வடிவாக் கேக்குது. நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைச்சுப்போனன். ஒண்டும் வரேல்லையோ?”

“ஒண்டும் வரேல்லை மாஸ்ரர். வால் கூட விழேல்லை.”

வால் என்று நாங்கள் சொல்வது, ஒருவர் பேசி முடித்த பின்னும் ரிப்பீற்றர் ஓரிரு நொடி காற்றில் நிற்கிற சத்தத்தை. அது விழாவிட்டால் ரிப்பீற்றர் அவரைக் கேட்கவே இல்லை என்று அர்த்தம்.

முதலில் செற்றைச் சந்தேகித்தோம்

இது வழமை, சரியும்கூட. மாஸ்ரரிடம் இருந்தது இப்போது பரவலாகக் கிடைக்கும் பவ்ஃபெங் யூவி-5ஆர். அதில் ரிப்பீற்றரைத் திறக்கவிடாத இடங்கள் எவையென்று புதிதாக வருபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வதுண்டு. 13ஆம் மெனு அனுப்பும் ரோனுக்கு, 11ஆம் மெனு வாங்கும் ரோனுக்கு. பலர் 11ஐ மட்டும் மாற்றிவிட்டு ரோன் போட்டாயிற்று என்று நினைப்பார்கள். 25ஆம் மெனுவில் எந்தப் பக்கம் தள்ளுவது என்ற கூட்டல் கழித்தல் குறி, 26இல் எவ்வளவு தள்ளுவது என்பது. 26இல் 00.600 என்று இருக்க வேண்டியது 06.000 என்று கிடந்தால் நீங்கள் 6 மெகாஹேட்ஸ் தள்ளிப்போய், பட்டைக்கே வெளியில் கத்திக்கொண்டிருப்பீர்கள். அது பயனற்றது மட்டுமல்ல, சட்டப்படி குற்றமும் ஆகலாம். 7ஆம் மெனுவில், இரு சனல்களை மாறிமாறிக் கேட்கும் இரட்டைக் கண்காணிப்பு திறந்திருந்தால், கீழ் வரிச் சனலில் யாராவது பேசிய அடுத்த கணம் உங்கள் பேச்சும் அந்தச் சனலிலேயே போய்விடும். பயிற்சி நாட்களில் அதை மூடிவைப்பது நல்லது.

மாஸ்ரரின் செற்றில் இவை எல்லாமே சரியாக இருந்தன. அதை நிரூபிக்க மெனுவைத் திறக்கவே தேவைப்படவில்லை. அவர் வீடு திரும்பும் வழியில் பண்ணைப் பாலத்தில் நின்று கூப்பிட்டபோது ரிப்பீற்றர் உடனே திறந்தது, குரலும் தெளிவாக இருந்தது. கிட்ட நின்று திறக்கிற செற்றில் ரோனோ தள்ளலோ பிழையாக இருக்க முடியாது. இந்த ஒரு சோதனை மணித்தியாலக் கணக்கான மெனுத் தடவலை மிச்சப்படுத்தும்.

தூரத்தின் கணக்கு

அடுத்தது தூரம். மீற்றரில் உள்ள அன்ரெனா உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அதன் வானொலித் தொடுவானம், அதாவது பூமியின் வளைவு மறைக்குமுன் அலை எட்டும் தூரம், கிலோமீற்றரில் வரும். 30 மீற்றருக்கு 22.6 கிலோமீற்றர். தலைமட்டத்தில், 1.5 மீற்றரில் பிடித்த கையடக்க செற்றுக்கு 5 கிலோமீற்றர். இரண்டையும் கூட்டினால் 27.6. திருநெல்வேலியிலிருந்து குறிகட்டுவானும் சரி, பருத்தித்துறையும் சரி, நேர்கோட்டில் 25 கிலோமீற்றரை ஒட்டித்தான் வரும். ஆக இரண்டும் எல்லைக்குள், ஆனால் எல்லையின் விளிம்பில்.

குறிகட்டுவான் பக்கம் பாதையில் கணிசமான தூரம் பரவைக்கடல். மரமில்லை, வீடில்லை. பருத்தித்துறைப் பக்கமோ ஊர், தோப்பு, மதில், மாடி. எங்களில் பலர் குறிகட்டுவான்தான் சுகமாக வரும் என்று எண்ணியிருந்தது இதனால்தான்.

தொடுவானக் கணக்கு ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. அலை ஒரு நூல்போல நேரே ஓடுவதில்லை, நடுவழியில் பருத்து இடம் எடுத்துக்கொள்ளும். 145 மெகாஹேட்ஸில், 25 கிலோமீற்றர்ப் பாதையின் நடுவில், அந்தப் பருமனின் ஆரை 110 மீற்றருக்கும் மேல். எங்கள் கம்பம் 30 மீற்றர், மாஸ்ரரின் கை 1.5 மீற்றர். ஆக அந்த அலையின் கீழ்ப்பாதி முழுவதும் கடலிலும் தரையிலும் உரசிக்கொண்டே வருகிறது. மட்டமான நிலத்தில் உயரத்தை இரட்டித்தால் 6 டெசிபெல் (அலையின் வலு எத்தனை மடங்கு என்று சொல்லும் அளவு) கிடைக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. வலுவை நான்கு மடங்காக்கினால்தான் அதே 6 டெசிபெல் கிடைக்கும். செற்றின் அன்ரெனாவை 1.5 மீற்றரிலிருந்து 6 மீற்றருக்குத் தூக்கினால் 12 டெசிபெல், அதாவது 5 வாற்று செற் 80 வாற்று செற்போல நடந்துகொள்ளும். உப்பு நீருக்கு மேல் நிலைக்குத்து அன்ரெனாவுக்கு இந்த இலாபம் ஓரளவு குறையும், ஆனாலும் பற்றரியில் ஒரு துளிகூடக் கூடுதலாகச் செலவழிக்காமல் கிடைக்கிற இலாபம் அது.

உயரத்தின் அருமையை நம்ப மறுப்பவர்களுக்கு நான் சர்வதேச விண்வெளி நிலையத்தைக் காட்டுவேன். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் அதன் அமெச்சூர் வானொலி 145.800 மெகாஹேட்ஸில் பேசும்போது, முற்றவெளியில் நின்று சாதாரணக் கையடக்க செற்றில் கேட்கலாம். 400 கிலோமீற்றர் கேட்கிறது, 25 கிலோமீற்றர் திண்டாடுகிறது. இடையில் பூமி குறுக்கிடாததுதான் வித்தியாசம்.

சரி, விளிம்பில் நிற்கிறோம் என்பது விளங்கியது. ஆனால் இதுமட்டும் பருத்தித்துறை வருவதையும் குறிகட்டுவான் வராததையும் விளக்காது. பருத்தித்துறையில் நின்றவரை விசாரித்தபோது, அவர் மாமாவின் வீட்டு மேல்மாடியில் நின்றிருந்தார் என்பதும், செற்றோடு வந்த குட்டை றப்பர் அன்ரெனாவைக் கழற்றிவிட்டு நீளமான ஒன்றைப் பூட்டியிருந்தார் என்பதும் தெரிந்தது. ஒரு பகுதி விடை அங்கே. மிச்சம்?

வலுக்கூட்டி பற்றிய வாக்குவாதம்

குழுவில் ஒருவர் குறிகட்டுவானுக்கு ஒரு வலுக்கூட்டி வாங்கி 40 வாற்றாக்கிவிடுவோம் என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். நான் கடுமையாக எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். 5இலிருந்து 40 என்பது 9 டெசிபெல் மட்டுமே. அதற்காகக் கனமான பற்றரியைக் கொண்டு திரிய வேண்டும், செற்றைக் கையில் பிடித்துத் திரிகிற வசதியே போய்விடும். அதைவிட முக்கியம், கோளாறு என்னவென்று தெரியாமல் அதன் மேல் வலுவை ஊற்றினால் கோளாறு மறையும், போகாது. மறைந்த கோளாறு புயல் நாளில்தான் வெளியே வரும்.

நான் முன்வைத்த வாதம் இது. மாஸ்ரருக்கு ரிப்பீற்றர் வடிவாகக் கேட்கிறது என்பது ஒரு பாதை. ரிப்பீற்றருக்கு மாஸ்ரர் கேட்க வேண்டும் என்பது வேறொரு பாதை. கடலும் காற்றும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் போகும்போது 25 வாற்று, வரும்போது 5 வாற்று. அங்கேயே 7 டெசிபெல் இடைவெளி. இப்படிப்பட்ட ரிப்பீற்றரை முதலை என்று சொல்லலாம்: வாய் பெரிது, காது சின்னது. எங்கள் முதலையின் காது இன்னும் சின்னதாகிவிட்டதா என்று முதலில் பார்ப்போம் என்றேன்.

ரிப்பீற்றரின் காது

இந்தச் சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. மாஸ்ரர் திரும்பவும் குறிகட்டுவானுக்குப் போனார். நாங்கள் இருவர் திருநெல்வேலி மாடியில், ரிப்பீற்றர்ப் பெட்டியைத் திறந்து, வாங்கியின் ஒலிபெருக்கியை நேரே கேட்டுக்கொண்டிருந்தோம். செலுத்தியை நிறுத்தினோம். மாஸ்ரரைத் தொலைபேசியில் எடுத்து, செற்றில் பேசச் சொன்னதும் ஒலிபெருக்கியில் அவரது குரல் இரைச்சலுக்குள்ளால் வந்தது. மெலிவு, ஆனால் சொற்கள் பிரிந்து கேட்டன. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே செலுத்தியைப் போட்டோம். குரல் அப்படியே இரைச்சலில் அமிழ்ந்தது. நிறுத்தினோம், வந்தது. போட்டோம், போனது. காற்று பலமாக அடிக்கும்போது இரைச்சலோடு சேர்ந்து ஒரு கரகரப்பும் எழுந்தது.

மாடியில் நின்ற இருவருக்கும் அந்த நேரம் விடயம் விளங்கிவிட்டது. ரிப்பீற்றர் தன் சொந்தச் சத்தத்தாலேயே செவிடாகிக்கொண்டிருக்கிறது.

இது எவ்வளவு நுட்பமான இடம் என்பதற்கு ஒரு கணக்கு. செலுத்தி 25 வாற்று. வாங்கி கேட்க வேண்டிய மெலிந்த அலையோடு அதை ஒப்பிட்டால், ஒன்றுக்குப் பின்னால் 16 பூச்சியம் போட்ட விகிதத்தையும் தாண்டும். இரண்டும் ஒரே கம்பியில், ஒரே அன்ரெனாவில், 600 கிலோஹேட்ஸ் இடைவெளியில். எங்காவது ஒரு பொருத்து தளர்ந்தாலோ, துரு பிடித்தாலோ அந்த இடத்தில் உண்டாகும் இரைச்சல் நேரே காதுக்குள் போகும்.

டுப்ளெக்சர் பழுதா, அதற்கு மேலே உள்ளது பழுதா என்று பிரிக்க வேண்டும். அன்ரெனாக் கேபிளைக் கழற்றிவிட்டு அந்த வாயில், அலையை வெளியே விடாமல் வெப்பமாக்கி விழுங்கும் 50 ஓம் போலிச் சுமையைப் பூட்டினோம். இன்னொரு கையடக்க செற்றுக்கும் அன்ரெனாவுக்குப் பதில் போலிச் சுமை பூட்டி, தாழ் வலுவில் வைத்து, அதன் கசிவை மட்டும் வாங்கி மட்டுமட்டாகக் கேட்கிற தூரத்துக்குக் கொண்டுபோனோம். செலுத்தியைப் போட்டாலும் நிறுத்தினாலும் இப்போது வித்தியாசமே இல்லை. ஆகவே டுப்ளெக்சர் சுகம். கோளாறு கேபிளிலோ, கொனெக்ரரிலோ, அன்ரெனாவிலோ, கம்பத்திலோ.

அடுத்த நாள் ரிப்பீற்றரை முழுதாக நிறுத்திவிட்டுக் கம்பம் ஏறத் தெரிந்த ஒருவரை இடுப்புப் பட்டியோடு ஏற்றினோம். அன்ரெனாவுக்கு நேர்கீழே இருந்த கொனெக்ரரைக் கழற்றி இறக்கினார். மேலே சுற்றியிருந்த நாடா வெய்யிலில் வெடித்துச் சருகாகியிருந்தது. உள்ளே பித்தளையில் பச்சைக் களிம்பு. நடுமுள்ளைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கேபிளின் கறுப்புத் தோலைக் கத்தியால் கீறினால், செப்புப் பின்னல் மினுங்க வேண்டிய இடத்தில் கரி நிறம். ஒரு சாண் வெட்டினோம், இன்னும் கரி. மேலும் வெட்டினோம். நல்ல செப்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போனோம். இன்னொன்றையும் அவர் கவனித்துச் சொன்னார்: கம்பத்தை இழுத்துக் கட்டிய கம்பிகளில் ஒன்றின் துருப்பிடித்த கொளுவி, காற்றில் கம்பத்தோடு தட்டித் தட்டி உரசுகிறது. துருப்பிடித்த இரு இரும்புகள் பலமான அலைக்குள் உரசினால் இரைச்சல் பிறக்கும். சோளகத்தில் கேட்ட கரகரப்பு அதுதான்.

கடலிலிருந்து எங்கு பார்த்தாலும் சில மைல் தொலைவுக்குள் வாழ்கிற எங்களுக்கு இது புதினமில்லை. வேலிக் கம்பியும் யன்னல் கம்பியும் எப்படி உதிர்கின்றன என்று பார்த்துத்தான் வளர்ந்தோம். அதே காற்றுத்தான் கொனெக்ரருக்குள்ளும் போகிறது. புதுக் கொனெக்ரரைப் பற்றவைத்து, தானாக ஒட்டிக்கொள்ளும் றப்பர் நாடாவை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் வெய்யில் தாங்கும் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றினோம், அப்போதுதான் மழைநீர் மடிப்புக்குள் இறங்காது. கேபிள் கட்டடத்துக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டோம். கொளுவியை மாற்றி, தொடுமிடத்தில் மின்கடத்தாப் பட்டை வைத்தோம். வருடத்துக்கு ஒருமுறை, மாரிக்கு முன், இதையெல்லாம் திறந்து பார்ப்பது இப்போது எங்கள் ஒழுங்கு.

மாஸ்ரரின் கை

திருத்திய பின் குறிகட்டுவான் திறந்தது. ஆனால் குரல் வெட்டி வெட்டி வந்தது. பேசத் தொடங்கும்போது சரி, இரண்டாவது சொல்லில் முறிவு, பிறகு ஒரு துண்டு. பற்றரி இறங்குகிறதா என்று பார்த்தோம், இல்லை. கடைசியில் எங்களில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் குறிகட்டுவானுக்கே போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தார்.

கேட்கும்போது மாஸ்ரர் செற்றை நிமிர்த்திக் காதுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பேசும்போது அதை முன்னால் கொண்டுவந்து, படுக்கையாகச் சரித்து, ஒலிவாங்கித் துவாரம் வாய்க்கு நேரே வரும்படி பிடித்தார். அன்ரெனா கடலைப் பார்த்துக் கிடையாக நீட்டிக்கொண்டு நின்றது. ரிப்பீற்றரின் அன்ரெனா நிலைக்குத்தானது. ஒன்று நிமிர்ந்தும் மற்றது படுத்தும் இருந்தால் அலை ஒன்றோடொன்று பொருந்தாது, 20 டெசிபெல் வரைகூட இழக்கலாம். அதாவது 5 வாற்றுக்குப் பதில் வெறும் 0.05 வாற்றில் பேசியது போல. தலையை ஆட்டிப் பேசுகிறவர் என்பதால் செற்றும் கூடவே ஆடியது. குரல் முறிந்தது அதனால்தான். கேட்கும்போது நிமிர்ந்தே இருந்ததால் கேட்பதில் குறை எதுவும் தெரியவில்லை.

“மாஸ்ரர், செற்றை நிமித்திப் பிடியுங்கோ. வாயிலை இருந்து ரண்டு விரல் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டிலை கதையுங்கோ.”

“இப்பிடியோ?”

“அப்பிடித்தான். இந்தத் தகரக் கூரையை விட்டுப்போட்டு அங்காலை வெளியிலை நில்லுங்கோ.”

மூன்றாவது காரணம் அந்தத் தகரக் கூரைதான். வெய்யிலுக்கு ஒதுங்கி அதன் கீழ் நின்று பேசியிருக்கிறார். திறந்த வெளிக்கு வந்து, செற்றை நிமிர்த்தி, உடம்பு திருநெல்வேலித் திசையை மறைக்காமல் நின்று பேசியதும் குரல் முழுதாக வந்தது. இரைச்சல் இருந்தது, ஆனால் ஒரு சொல்லும் தவறவில்லை.

அதற்கு மேல் இரண்டு மலிவான காரியம் செய்தோம். செற்றின் அன்ரெனாப் பொருத்தின் வெளி உலோகத்தோடு தொடும்படி 49 சென்ரிமீற்றர்க் கம்பி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டோம். குட்டை அன்ரெனாவுக்கு அது மறுபாதி. அதோடு, பழைய தொலைக்காட்சி அன்ரெனாக்களில் இருந்து வீட்டுக்குள் இறங்கும் தட்டையான 300 ஓம் கம்பியில் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் வெட்டி, ஜே வடிவ அன்ரெனா ஒன்று செய்து கொடுத்தோம். இந்தியத் தொலைக்காட்சி பார்க்கக் கூரைக்கு மேல் கம்பம் நட்ட வீடுகளின் கோடிகளில் இந்தக் கம்பி இன்னும் சுருண்டு கிடக்கிறது. சுருட்டிப் பையில் வைக்கலாம், மூங்கில் தடியில் கட்டித் தூக்கலாம். அதைத் தூக்கியபோது மாஸ்ரரின் செற் தாழ் வலுவில், 1 வாற்றில், ரிப்பீற்றரைத் திறந்தது. முன்பு 5 வாற்றில் வால் கூட விழாத அதே இடம். வலுக்கூட்டி வாக்குவாதம் அதோடு முடிந்தது.

வலுவைக் குறைத்தோம்

கடைசியாக எடுத்த முடிவு சிலருக்குத் தலைகீழாகத் தெரிந்தது. ரிப்பீற்றரின் 25 வாற்றை 10 வாற்றாகக் குறைத்தோம். இதனால் கேட்பவர்கள் இழப்பது 4 டெசிபெல். கிடைப்பதோ பெரியது. தூரத்தில் நிற்கும் ஒருவருக்கு ரிப்பீற்றர் கேட்கிறதென்றால் அவராலும் திறக்க முடியும் என்ற நம்பிக்கை கிட்டத்தட்ட உண்மையாகிறது. கேட்கிறதே, ஏன் திறக்கவில்லை என்று அவசர நேரத்தில் கூப்பிட்டுக்கொண்டு நிற்பதைவிட, கேட்கவில்லை, இடம் மாறுவோம் என்று உடனே முடிவெடுப்பது எவ்வளவோ மேல்.

பற்றரிக்கும் அது நல்லது. 12 வோற்று, 100 அம்பியர் மணி ஈயப் பற்றரியில் பாதியைத்தான் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம். சும்மா இருக்கும்போது அரை அம்பியர், 25 வாற்றில் பேசும்போது 6 அம்பியர் என்று வைத்து, நேரத்தில் ஐந்திலொரு பங்கு பேச்சு என்றால் சராசரி 1.6 அம்பியர், 31 மணித்தியாலம். 10 வாற்றில் பேசும்போது மூன்றரை அம்பியர் போதுமென்றால் 45 மணித்தியாலத்துக்கு நீளும். வெய்யில் தலைகாட்டாத மாரி நாளில் அந்த மிச்ச மணித்தியாலங்களுக்குப் பெறுமதி உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் பற்றரியே வராத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலை மிதித்து டைனமோவில் வானொலி கேட்டது இந்த ஊர். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க யாரும் எங்களுக்குப் படிப்பிக்க வேண்டியதில்லை.

இரவுப் பொய்

இடையில் ஒரு தகவல் எங்களைத் திசைதிருப்பப் பார்த்தது. திருத்த வேலைக்கு முன்பே, காற்று அடங்கிய ஓர் இரவில் மாஸ்ரர் புங்குடுதீவிலிருந்து கூப்பிட்டபோது ரிப்பீற்றர் அருமையாகத் திறந்தது. “இரவிலை நல்லா வருதே, பிறகென்ன” என்று சிலர் ஆறுதலடைந்தார்கள். காற்று அடங்கியதால் கொளுவியின் உரசல் நின்றிருந்தது ஒரு காரணம். இன்னொன்று, எங்கள் கடலின் இயல்பு. சூடான அமைதியான நாட்களின் இரவில், கடலை ஒட்டிய ஈரக் குளிர்காற்றின் மேல் வெப்பமான வரண்ட காற்று படியும். அலை அந்தப் படைகளுக்கிடையில் அகப்பட்டு, பூமியின் வளைவோடு வளைந்து நெடுந்தூரம் ஓடும். பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து தமிழ்நாட்டுப் பண்பலை நிலையங்கள் சில இரவுகளில் உள்ளூர் நிலையம்போல இங்கே கேட்பது இப்படித்தான். வானிலை தந்த இந்த உதவியை நம்பி ஒரு தொடர்பைத் தேறியது என்று எழுதிவைக்கக் கூடாது, புயல் காற்று அந்தப் படைகளை முதலில் கலைத்துவிடும். அதனால் எங்கள் சோதனைகள் எல்லாவற்றையும் காற்றடிக்கிற பட்டப்பகலுக்கு மாற்றினோம்.

பேசும் முறை

இதில் அதிகம் சொல்ல இல்லை. பொத்தானை அழுத்தி அரை நொடி பொறுத்துப் பேசுங்கள். ரோனை ரிப்பீற்றர் இனங்காண அந்த நேரம் வேண்டும், இல்லாவிட்டால் முதற்சொல் விழுங்கப்படும். “நோயாளி இல்லை” என்பதில் எந்தச் சொல்லும் விழக்கூடாது. ஒருவர் முடித்தபின் வால் விழும்வரை இடம் விடுங்கள், அவசரக்காரர் ஒருவர் இடையில் நுழைய அந்த இடம்தான் வழி. மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் பேசினால் எங்கள் ரிப்பீற்றர் தானாக வெட்டிவிடும்.

கம்பமே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் பழகியிருக்கிறோம். எல்லோரும் ரிப்பீற்றரின் வெளியீட்டு மீடிறனில், தள்ளலை நிறுத்திவிட்டு, நேருக்கு நேர் பேச வேண்டும். தலைமட்டத்தில் இரு கையடக்க செற்றுகளுக்கிடையே தொடுவானம் 10 கிலோமீற்றர். ஆகவே குறிகட்டுவானிலிருந்து பண்ணை வரை, அந்தத் தூரத்துக்குள் ஒருவர் என்று கைமாற்றிச் செய்தியைக் கொண்டுவர ஆள் வைத்திருக்கிறோம். கேட்டதை எழுதி, எழுதியதைத் திருப்பி வாசித்து உறுதிசெய்த பிறகே அடுத்தவருக்கு அனுப்பலாம்.

தீராமல் இருப்பது நெடுந்தீவு. திருநெல்வேலியிலிருந்து நேர்கோட்டில் 40 கிலோமீற்றரளவு. எங்கள் கம்பத்தின் 22.6 கிலோமீற்றரைக் கழித்தால், தொடுவானத்தைத் தொடவே அங்கே 18 மீற்றர் உயரத்தில் அன்ரெனா வேண்டும். அவ்வளவு உயரத்துக்குக் கம்பம் நட்டு, அந்த உப்புக்காற்றில் அதைப் பராமரிப்பது எங்கள் கைக்கு அடங்காது. புங்குடுதீவில் மேல்மாடி வீடுள்ள ஒருவர் உரிமத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் தேறியதும் அவரிடம் ஜே அன்ரெனா ஒன்றும், நெடுந்தீவைப் பார்த்துத் திருப்பிவைக்க, ஒரே திசையில் அலையைக் குவிக்கும் மூன்று உறுப்பு யாகி அன்ரெனா ஒன்றும் கொடுத்து, நெடுந்தீவுச் செற்றை நேரே கேட்டு ரிப்பீற்றருக்குக் கைமாற்ற முடிகிறதா என்று பார்க்கப் போகிறோம். வாடைக்காற்று தொடங்கிய பிறகு, பகலில்.